மச்சானுக்குச் சொன்ன பால்க்

வார நாட்களில் அவன் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ்பால் நடுவர். அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் அணி சேர்த்து ஆடும் சின்னப் போட்டித் தொடர் அது. நடுவருக்குக் கிடைப்பது ஒரு தொப்பியும் காது நிறைய ஏச்சும்தான். எதையும் தவறவிடாத பார்வை என்பதால் எல்லோரும் அவனைக் ‘கண்கொத்தி’ என்றே கூப்பிட்டார்கள்.

தபால்காரர்கள் அணிக்குப் பந்து வீசியவர் அவனுடைய மச்சான், அக்காவின் கணவர். நாற்பத்திரண்டு வயது, இடக்கைக்காரர். கண்கொத்தி வேலை தேடி அலைந்த மூன்று வருடமும் அவர்கள் வீட்டு முன்னறையில்தான் படுத்திருந்தான். ஒரு நாள்கூட முகம் சுளிக்காத மனிதர். இருவரும் ஒரே மைதானத்தில் நிற்பதை யாரும் தப்பாக நினைக்கவில்லை; வேறு நடுவரும் கிடைக்கவில்லை.

பேஸ்பாலில் பால்க் என்று ஒரு விதி உண்டு. ஓடிச் சுற்றவேண்டிய நான்கு மூலைத் தளங்களில் ஒன்றில் எதிரணியின் ஓட்டக்காரர் நிற்கும்போது, பந்து வீசுபவர் மேட்டில் பதித்த ரப்பர் பட்டைமேல் காலை வைத்து, இரண்டு கைகளையும் நெஞ்சருகே சேர்த்து, ஒரு கணம் அசையாமல் நிற்கவேண்டும். அதன்பின் வீசுவதற்கு அசைந்தால் வீசியே தீரவேண்டும். அசைந்துவிட்டு வீசாமல் போனால் ஓட்டக்காரரை ஏமாற்றப் பார்த்ததாகத்தான் பொருள். தளத்தில் நிற்பவர்கள் எல்லாரும் ஒரு தளம் சும்மா முன்னேறிவிடலாம். “பால்ல தண்ணி கலக்கறவனுக்குக்கூட இவ்வளவு சட்டம் இல்லப்பா” என்று தபால்காரர்கள் கேலி செய்வார்கள்.

அந்தப் பருவத்தில் இரண்டு முறை, கை சேர்த்து நின்றபின் மச்சானின் இடது தோள் துள்ளியதைக் கண்கொத்தி பார்த்தான். ஈ உட்கார்ந்தால் மாட்டின் தோல் சிலிர்க்குமே, அப்படி. இரண்டு முறையும் தபால்காரர்கள் வெகுதூரம் முன்னணியில் இருந்தார்கள். யாருக்கும் நஷ்டமில்லை என்று வாயை மூடிக்கொண்டான். வீட்டுக்குப் போனபின் சோறு இறங்கவில்லை.

இறுதி ஆட்டம் கண்ணாடித் தொழிற்சாலை அணியோடு. கடைசிச் சுற்றில் இரு அணியும் சமம். எதிரணி ஓட்டக்காரர் மூன்றாம் தளத்தில். இன்னும் ஒரே ஒரு தளம் வந்தால் அவர்களுக்கு வெற்றி. மச்சான் கைகளைச் சேர்த்து நின்றார். தோள் துள்ளியது. இந்தத் தடவை கண்கொத்தியின் கை தானாக உயர்ந்தது.

“பால்க்.”

அந்தப் பந்து வீசப்படாமலே கோப்பை போயிற்று. மூன்றாம் தளத்துக்காரர் நம்பமுடியாமல் மெல்ல நடந்தே வந்து சேர்ந்தார்.

மச்சான் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். கத்தவில்லை. “மாப்ளே, நான் நின்னேன்.”

“தோள் அசைஞ்சுது மச்சான்.”

“நான் நின்னேன்டா. சத்தியமா நின்னேன்.”

ஊர் வாயைக் கேட்கவேண்டுமா? சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டினான் என்று பேர் வரக்கூடாது என்பதற்காகவே கழுத்தறுத்தான் என்றார்கள். அக்கா தொலைபேசியில் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: “இனி இந்தப் பக்கம் வராதே.” அவனும் போகவில்லை.

நான்கு மாதம் கழிந்தது. ஒரு பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்டை நிறுத்திவிட்டு, ஏழாவது மாடியில் அதன் கூரைமேல் குந்தி, கம்பிவடத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். திறந்திருந்த கதவருகே மூச்சிரைக்கும் சத்தம். அக்கா. ஏழு மாடியும் படியேறி வந்திருக்கிறாள்.

“தம்பி, அன்னிக்கு நீ என்ன பாத்தே?”

கையில் எண்ணெய்த் துணியோடு எழுந்தான். “என்னக்கா ஆச்சு?”

“சட்டைப் பொத்தான் போட முடியல அவரால. பூட்டுல சாவி திருப்ப வரல. தோள்ல, கையில எல்லாம் ஏதோ புழு நெளியிற மாதிரி துடிக்குது. நாளைக்குப் பெரிய டாக்டர்கிட்ட போறோம். நீ வந்து சொல்லு.”

டாக்டர் அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தும் கண்கொத்தி சுவரோரம் நின்றான். எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். “ரெண்டு மாசம் இருக்கும்” என்றார் மச்சான்.

“இல்ல சார். ஆறு மாசமாச்சு” என்றான் கண்கொத்தி. எந்தத் தோள், எந்த நிலையில், எவ்வளவு நேரம் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். டாக்டர் எழுதிக்கொண்டே வந்து, பேனாவை மூடிவைத்தார். தசைகளை ஆட்டிவைக்கும் நரம்புகள் செத்துக்கொண்டு வருகிற நோய் என்றார். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், தீர்க்காது. முன்பே தெரிந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது.

வெளியே நீள நடைக்கூடத்தில் அக்கா அவனை நிறுத்தினாள். “ஆறு மாசமா? ஆட்டம் நடந்து நாலு மாசந்தானே ஆகுது?”

“அதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவை பாத்தேன்.”

“ஏன்டா சொல்லல?”

“மச்சானாச்சேன்னு விட்டுட்டேன்.”

அவள் அவனைத் திட்டியிருக்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பின் அவன் தினமும் அந்த வீட்டுக்குப் போனான். சவரம் செய்துவிட்டான், குளிப்பாட்டினான், கட்டிலில் திருப்பிப் படுக்கவைத்தான். நடுவர் வேலைக்கு அவன் திரும்பவேயில்லை. நாக்கும் தடித்துப்போன ஒரு பகலில் மச்சான் சிரமப்பட்டுப் பேசினார்.

“மாப்ளே... அன்னிக்கு நான்... நின்னேன்.”

“நின்னீங்க மச்சான். நீங்க ஏமாத்தல. தோள்தான் உங்க பேச்சைக் கேக்கல.”

“நீ... பாத்ததும்... சரிதான்.”

அவர் சிரிக்க முயன்றார். கண்கொத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு தலையணை உறையைச் சரிசெய்தான்.

இரண்டாம் வருட முடிவில் மச்சான் போய்விட்டார். தொடரை நடத்துகிறவர்கள் அக்காவிடம் வந்தார்கள். உடம்பு முடியாமல் நடந்தது, அந்தத் தீர்ப்பை அழித்துக் கோப்பையை இரண்டு அணிக்கும் பொதுவாக எழுதிவிடலாமா என்று கேட்டார்கள்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். “அதுல அவருக்கும் இவனுக்கும் மனசு ஒத்துப்போச்சு. நாம ஏன் தொடணும்” என்றாள்.

இப்போதும் வேலை முடிந்தால் அவன் அங்கேதான் போகிறான். இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். சில நாட்களில் அக்கா சட்டென்று எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். தன்னிடம் கோபமா, துக்கமா என்று அவனுக்குத் தெரியாது. அவள் வரும்வரை சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருப்பான்.