கழிவு போடாத எடை

அன்று எங்கள் நாகல் நகர் வீட்டில் இருந்தது நாலு பேர்: நான், என் மனைவி, அவள் தம்பி, சத்துமாவு டப்பாக்களோடு வந்த டை கட்டிய விற்பனைக்காரன். என்னை எடை மிஷினில் ஏற்றினான். எழுபது கிலோ. உயரத்தை அளந்து போனில் தட்டினான்.

“பி.எம்.ஐ. இருபத்தஞ்சரையத் தாண்டுதுங்கய்யா. ஓவர் வெயிட். ஹார்ட்டு தாங்காது.”

உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று பார்க்கும் கணக்காம். ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு அவ்வளவு போதும். அப்போதே நெஞ்சை அடைத்தது.

“அறுபத்தெட்டு வயசுல இளைச்சு யாரைக் கட்டப் போறீக மச்சான்?” என்று மச்சினன் சிரித்தான். நான் பாதிப் பணம் கொடுத்து டப்பாக்களை வாங்கிக்கொண்டேன்.

ராத்திரிச் சோற்றுக்குப் பதில் அந்த மாவுக் கரைசல். சுண்ணாம்பு ருசி. கறிக்குழம்பு கொதித்த ஞாயிறுகளிலும் அதையே குடித்தேன், பெரிய தவசி மாதிரி.

மூன்று மாதத்தில் அறுபத்திரண்டு. கணக்குப்படி நான் சரியான ஆள். அந்தச் சரியான ஆள் மாதா கோயில் பூசையில் முழங்காலிட்டு எழ முடியாமல் கிடக்க, இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள்.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா என் தொடையை அமுக்கிப் பார்த்தார். “இந்த வயசுக்கு எழுபது ஒண்ணும் மோசமில்லங்கய்யா. அந்தக் கணக்குக்குக் கொழுப்பு எது, தசை எதுன்னு தெரியாது. நீங்க தொலைச்சது தசை. முட்டை, பருப்பு நல்லா சாப்பிடுங்க. நாற்காலியில உக்காந்து எந்திரிச்சுப் பழகுங்க.”

ஆயுசெல்லாம் வெங்காயக் கமிஷன் கடையில் நின்றவன் நான். சாக்குக்கு, மண்ணுக்கு, ஈரத்துக்குக் கழிவு போடாமல் ஒரு மூட்டையை எடை எழுதியதில்லை. உள்ளே கைவிட்டுப் பார்க்காமல் விலை சொன்னதில்லை. அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன், ஒரு டைக்காரன் சொன்ன எண்ணை அப்படியே ஏற்றுக்கொண்டேன். என் உடம்பை ஒரு வெங்காய மூட்டை அளவுக்குக்கூட நான் மதிக்கவில்லை.

போன வாரம் அவன் மறுபடி வந்தான். “நார்மலுக்கு வந்துட்டீங்கய்யா! மீதியக் குடுத்தா அடுத்த டப்பா தாரேன்.”

மனைவி வாசலை மறித்தாள். “ஏலே, எங்க வீட்டு ஆளுகிட்டருந்து எட்டுக் கிலோவக் கொண்டு போயிட்ட. அதத் திருப்பிக் கொண்டாந்து வச்சுட்டுக் காசு கேளு.”

போய்விட்டான். நான்தான் கேட் சத்தம் கேட்டாலே இன்னும் அவனோ என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறேன். ஆனாலும் முழங்காலிட்டு நானாக எழும் நாள்வரை அவனுக்குக் கொடுப்பதாக இல்லை. பாக்கி இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.