வருஷத்துல எத்தனை நாள் ஓடும்?

சேலையூர் கேம்ப் ரோட்டுப் பக்கம் யார் ஃபிரிட்ஜோ ஏசியோ வாங்கினாலும், ஜெயசீலி டீச்சரைக் கூட்டிக்கொண்டுதான் கடைக்குப் போவார்கள். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். கரண்ட் சிக்கனத்தைக் காட்டும் ஸ்டிக்கரில் மற்றவர்கள் ஸ்டாரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். டீச்சர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, எந்த வருஷத்து ஸ்டிக்கர், எத்தனை யூனிட் இழுக்கும் என்று பொடி எழுத்தையெல்லாம் படிப்பார். பிறகு ஒரே கேள்வி: "வருஷத்துல எத்தனை நாள் ஓடும்?" தினமும் ஓடினால் அஞ்சு ஸ்டார், கூடுதல் விலையைக் கரண்ட் பில்லில் பிடித்துவிடலாம். எப்போதாவது வந்து தங்குகிறவர்களுக்கு என்றால் மூணு ஸ்டாரே போதும். வீம்புக்கு அஞ்சு ஸ்டார் கேட்டவர்களைக் கடையிலேயே வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார்.

வேலை முடிந்ததும் டீச்சரை வாசலில் இறக்கிவிட்டு, "தேங்க்ஸ் டீச்சர்" என்று போய்விடுவார்கள். உள்ளே வந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போகக்கூட யாருக்கும் நேரமில்லை. கணவர் வேதசிரோமணி இறந்து, மகன் ஆஸ்டின் மெல்போர்னுக்குப் போனபின், அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் டிவிதான். தனிமை டீச்சரை அரித்தது. வெளியே சொல்லத்தான் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

இந்த வருஷம் ஆஸ்டின் போனில் ஒரு வார்த்தை சொன்னான். "இங்க போதும்மா. சென்னையிலயே வேலை பாக்கலாம்னு இருக்கேன்." அவ்வளவுதான், அவன் அறைக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, ஏசி வாங்க டீச்சர் தனியாகத் தாம்பரத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்.

கடையில் விற்பனையாளர் தேவானந்தம் பழகிய ஆள். "உங்களுக்கேவா டீச்சர்? வருஷத்துல எத்தனை நாள் ஓடும்?" என்று சிரித்தார்.

"தினமும் ஓடும். பையன் இங்கயே வந்துடுறான்."

சொல்லும்போதே டீச்சரின் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கட்டுமே. அதே சந்தோஷத்தில் மகனுக்குப் போன் போட்டார்.

"உன் ரூமுக்கு ஏசி பாக்குறேன்டா. அஞ்சு ஸ்டார்."

"அஞ்சு ஸ்டாரா?" என்று இழுத்தான் ஆஸ்டின். பள்ளிக்கூட நாட்களில் அம்மாவோடு எத்தனையோ கடை ஏறி, அந்தக் கேள்வியையும் பதிலையும் கேட்டே வளர்ந்தவன் அவன்.

"மூணு ஸ்டாரே போதும்மா," என்றான்.

"சரிப்பா," என்று டீச்சர் போனைப் பைக்குள் வைத்தார்.

"பையன் இன்னா சொல்றாரு டீச்சர்?" என்றார் தேவானந்தம்.

"நான் சொல்லிக்குடுத்ததைத்தான் சொல்றான்," என்றார் ஜெயசீலி. "மூணு ஸ்டாரே காட்டுங்க."