புரட்டாசியில் வந்த நோன்புக் கஞ்சி

என் அப்பாவுக்கு வருடத்தில் பதினோரு மாதம் கறியின் மேல் பக்தி, மீதி ஒரு மாதம் பெருமாள் மேல் பக்தி. இரண்டையும் ஒரே மும்முரத்தோடு செய்தார். ஆவணியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி, கோழி, மீன், கருவாடு எல்லாம் ஒரே பந்தியில் இறங்கும். அதோடு சரி. புரட்டாசி பிறந்த காலையில் நெற்றி நிறைய நாமத்தோடு எழுந்து வருவார். முட்டை கலந்திருக்கும் என்று கேக்கைக்கூடத் தள்ளிவைப்பார். நேற்றுவரை நல்லி எலும்பை உறிஞ்சிய வாயா இது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் நாங்கள் ஒருகாலத்தில் நெல் பயிரிட்ட குடும்பம். நான் பிறப்பதற்குள் நிலமெல்லாம் மனையாகிவிட்டது. அந்த மனைகளில் எழும்பிய வீடுகளுக்குச் செங்கலும் ஜல்லியும் விற்று அப்பா பிழைத்துக்கொண்டார். பக்கத்து மனையை வாங்கி வீடு கட்டியது ஒரு முஸ்லிம் குடும்பம். தாம்பரம் மார்க்கெட்டில் அவர்களுக்குப் பையும் பெட்டியும் விற்கும் கடை இருந்தது. அந்த வீட்டம்மாவை நான் பெரியம்மா என்பேன், அவர் கணவர் பெரியப்பா. அவர்களுக்கு இரண்டு பையன்கள். பெரிய அண்ணன் காலேஜ் படித்தார், சின்ன அண்ணன் பிளஸ் டூ. இருவருக்கும் எப்போது பார்த்தாலும் பசி.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு காம்பவுண்டுச் சுவர். அதன் மேல் எப்போதும் ஒரு பாத்திரம் போய்க்கொண்டோ வந்துகொண்டோ இருக்கும். வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாது என்பது இரண்டு பெண்களும் பேசாமலே வைத்துக்கொண்ட சட்டம். அம்மாவின் முருங்கைக்காய் சாம்பார் போன கிண்ணத்தில் பெரியம்மாவின் மீன் குழம்பு வரும். மீன் குழம்பு வந்த கிண்ணத்தில் கீரைக் கூட்டு போகும். கூட்டு போன கிண்ணம் தாளிச்சாவோடு வரும். இப்படியே போய் எது யாருடைய பாத்திரம் என்பது இரண்டு வீட்டுக்கும் மறந்துவிட்டது. எங்கள் வீட்டு இட்லி அண்டாவில் யாரோ ஒரு முஸ்லிம் மாப்பிள்ளையின் பெயர் வெட்டியிருந்தது.

அந்த வருடம் புரட்டாசியும் ரம்ஜான் நோன்பும் ஒன்றாக வந்து சேர்ந்தன. மற்ற வருடங்களில் பெரியம்மா கஞ்சியில் கொத்துக்கறி போட்டுத்தான் காய்ச்சுவார். அப்பா டம்ளரைச் சாய்த்து, அடியில் தங்கிய கறியை விரலால் துழாவிச் சாப்பிடுவார். இந்த முறை அது நடக்காது. நோன்பு தொடங்குவதற்கு முதல் நாள் பெரியம்மா சுவரருகே வந்து நின்றார்.

“புரட்டாசி ஆச்சேம்மா. கஞ்சி அனுப்பலாமா, வேணாமா?”

“கறி போடறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு சொம்பு எடுத்து வெச்சிடுங்கக்கா, போதும்” என்றாள் அம்மா.

“அத நான் பாத்துக்கறேன். நீ கவலப்படாத.”

அம்மா கவலைப்படுவதற்குக் காரணம் இருந்தது. அப்பாவுக்கு ஒரே தங்கை, படப்பையில் வாழ்க்கைப்பட்டவள். அத்தைக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது முறையாக உண்டாகி ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அத்தை நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்தால் திருப்பதியில் முடி கொடுப்பதாகவும், அதுவரை புரட்டாசி விரதத்தில் அணுவளவும் குறை வைப்பதில்லை என்றும் அப்பா வேண்டிக்கொண்டிருந்தார். அந்த வருடம் வீடே பயந்து பயந்து சாப்பிட்டது. நான் ஒருநாள் ஆம்லெட் கேட்டுவிட்டேன். அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. “உங்க அத்தைக்கு எதுனா ஆயிடுச்சின்னா?” என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து அத்தையின் வயிற்றில் இருந்த பிள்ளை என் நாக்கில் தொங்கிக்கொண்டிருப்பதாக நான் முழுமனதாக நம்பினேன்.

கஞ்சி தினமும் வந்தது. பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் வெந்தயமும் சேர்த்து வெள்ளைவெளேரென்று, புதினா மணக்க வரும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அப்பாவுக்கு மத்தியானம் ஒருவேளைதான் சாப்பாடு. ஆனால் கஞ்சி குடிக்கிற பொருள், சாப்பிடுகிற பொருள் அல்ல என்று அவரே ஒரு தீர்ப்புச் சொல்லிவைத்திருந்தார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்காருவார். மசூதியில் பாங்கு கேட்கும்வரை குடிக்கமாட்டார். “அவுரே இன்னும் வாயில தண்ணி படாம குந்திகினு கீறாரு. நான் எப்படி முன்னாடி குடிக்கறது?” என்பார், பெரியப்பா வீட்டுப் பக்கம் பார்த்து. இரண்டு விரதமும் இப்படித்தான் ஒன்றுக்கொன்று மரியாதை கொடுத்துக்கொண்டு போயின.

அது மூன்றாவது சனிக்கிழமை என்று நினைக்கிறேன். பாங்கு கேட்டது. அப்பா குடித்தார். பக்கத்தில் நானும் குடித்தேன். இரண்டாவது வாயில் என் பல்லில் என்னவோ அகப்பட்டது. மெத்தென்று இருந்தது, மென்றால் நார் நாராகப் பிரிந்தது. பட்டையும் இஞ்சியும் ஊறி, ருசியாக வேறு இருந்தது. கறி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா?

நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன். அவர் மெல்லாமலே மடமடவென்று டம்ளரைக் கவிழ்த்து முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “இன்னிக்கு கஞ்சி அமர்க்களமா கீதுமே. இன்னொரு டம்ளர் எடுத்தா!”

அந்தப் பாராட்டைவிடப் பயங்கரமான எதையும் அதுவரை நான் கேட்டதில்லை. வாயில் இருந்ததை உள்ளங்கையில் துப்பிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். அம்மாவிடம் கையை நீட்டினேன். அம்மா அதை எடுத்து விரலால் நசுக்கினாள், முகர்ந்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூன்று வாரமாகக் கறி வாசனையே இல்லாத வீடு. அவளுக்கும் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

“கறி மாதிரிதான்டி கீது” என்றாள் மெதுவாக. “அவசரத்துல சொம்பு மாறிப்போச்சா?”

வெளியே அப்பா மறுபடி கூப்பிட்டார். அம்மா பாத்திரத்தின் மேலாக இருந்த தெளிவை மட்டும் கரண்டியில் மொண்டு மொண்டு டம்ளரில் விட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்பா சந்தேகப்படவில்லை. அவர் குடித்த ஒவ்வொரு மடக்குக்கும் படப்பையில் அத்தைக்கு என்ன ஆகிறதோ என்று கதவோரம் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

போய்க் கேட்டுவிடலாமே என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். கஞ்சியில் கறி போட்டீர்களா என்று கேட்பது, உங்கள் கையை நம்பவில்லை என்று சொல்வதற்குச் சமம். அதுவும் ஒருவர் நாள் முழுக்கப் பட்டினி கிடந்து நோன்பு திறக்கிற நேரத்தில். கேட்காமல் விட்டாலோ, நாளைக்கு அத்தைக்கு ஏதாவது ஒன்று என்றால், அப்பாவும் அவர் சொந்தமும் எல்லாப் பழியையும் இந்தச் சொம்பின் மேல்தான் போடுவார்கள். அதன்பிறகு அந்தச் சுவரில் ஒரு பாத்திரமும் ஏறாது. இதையெல்லாம் அம்மா என்னிடம் விளக்கவில்லை. மத்தியானம் பெருமாளுக்குப் படைத்த புளியோதரையையும் நாலு மிளகு வடையையும் கழுவிய கஞ்சிச் சொம்புக்கு மேல் தட்டில் வைத்து என் கையில் கொடுத்தாள்.

“இத குடுத்துட்டு, அவங்க வூட்ல இன்னா சாப்புடறாங்கன்னு பாத்துட்டு வா. வாயத் தொறந்து எதுவும் கேக்காத.”

போனேன். ஹாலில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு பெரிய குண்டானில் கஞ்சி. பெரியம்மா தட்டை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போய், கண்ணால் அங்கே துழாவினேன். அடுப்பு காலியாக இருந்தது. மேடையிலும் ஒன்றுமில்லை, கழுவப்போட்ட இடத்திலும் ஒன்றுமில்லை. அந்த வீட்டில் அன்று கஞ்சி காய்ச்சியது ஒரே ஒரு குண்டான்தான். திரும்பி வந்து பார்த்தால் பெரியப்பாவின் கிண்ணத்திலும் அண்ணன்களின் கிண்ணத்திலும் அதே துண்டுகள் மிதந்தன.

எனக்குப் புரிந்துவிட்டது. தனியாக எடுத்துவைக்கவே இல்லை! அவர்கள் குடிக்கிற கறிக் கஞ்சியைத்தான் எங்களுக்கும் ஊற்றியிருக்கிறார்கள். அப்பாவின் வேண்டுதல் போயிற்று. அத்தையின் பிள்ளை போயிற்று. அம்மா கேட்கக்கூடாது என்றுதான் சொன்னாள், அழக்கூடாது என்று சொல்லவில்லை. நின்ற இடத்திலேயே ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

“ஏய், இன்னாச்சி? யாரு அடிச்சா?” என்று பெரியம்மா ஓடிவந்தார். பெரியப்பா என்னைப் பிடித்து உட்காரவைத்து ஒரு பேரீச்சம்பழத்தைக் கையில் திணித்தார். நான் பழத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஓங்கி அழுதேன். சின்ன அண்ணனுக்கு என் அழுகையைவிடத் தன் கிண்ணம்தான் பெரிய துக்கமாக இருந்தது.

“இவ சும்மா அழறா. நான்தாம்மா அழணும்” என்றார், கரண்டியால் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டி. “கறி மாதிரி கீதேன்னு ஆசையா வாயில போட்டா மீல் மேக்கரு!”

“கஞ்சி சப்புன்னு இருக்குன்னு நீதானடா தெனமும் பொலம்புன? அதான் போட்டேன்” என்றார் பெரியம்மா.

“நம்ம கஞ்சில கறி போட்டா இன்னாவாம்?”

“ரெண்டு சட்டி வெச்சா அவசரத்துல கரண்டி மாறிடும்டா. சொன்னா கேளு.”

“ஒரு மாசந்தானே. குடிச்சிட்டு எழுந்து வா, தொழுவணும்” என்று பெரியப்பா பேச்சை முடித்தார்.

என் அழுகை பாதியில் நின்றது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அம்மா சொன்னதை மறந்து கேட்டேன். “மீல் மேக்கர்னா கறியா, பெரியம்மா?”

அண்ணன்கள் இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார். பெரியம்மாவும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார், ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். எழுந்து சமையலறைக்குப் போய், பிரித்த பாக்கெட்டிலிருந்து வேகாத துண்டுகளில் ஒன்றை எடுத்துவந்து என் கையில் வைத்து மூடினார். கையில் இருப்பதே தெரியாத அளவுக்கு லேசாக இருந்தது.

“சோயாவுல செய்யறதுமா. செடியில காய்க்குதே, அது” என்றார். பிறகு குனிந்து, யாருக்கும் கேட்காமல், “போ, அம்மா கைல குடு” என்றார். நான் ஏன் வந்தேன் என்று அவர் கேட்கவில்லை.

அந்தச் சுவரை நான் அன்றுதான் முதன்முதலாக ஏறிக் குதித்தேன். அம்மா சமையலறையில் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். துண்டைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைசியில் பச்சையாகவே ஒரு கடி கடித்தாள். கடித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். “பெருமாளே, பெருமாளே” என்று நடுநடுவே சொல்லிக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கழுத்தில் கட்டியிருந்த கல்லை யாரோ அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. மீதி இருந்த கஞ்சியை எனக்கு ஊற்றிக்கொண்டு, துண்டு துண்டாகத் தேடிச் சாப்பிட்டேன்.

அத்தைக்குப் பிரசவம் சுகமாகவே ஆயிற்று. மார்கழியில் பெண் பிறந்தாள், படப்பைக்கே கேட்கும்படி அழுதாள் என்றார் மாமா. அப்பா திருப்பதிக்குப் போய் மொட்டையோடு வந்து, தன் விரதத்தின் மகிமையைத் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். பெரியப்பாவிடமும் சொன்னார். “வாய் சுத்தமா இருந்தேன் பாய், அதான் காப்பாத்திட்டாரு” என்றார். பெரியப்பா லட்டுவை வாங்கிக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று மனதாரத் தலையாட்டினார். அப்பாவுக்கு அந்தச் சனிக்கிழமையின் கதை இன்றுவரை தெரியாது.

அது பிறகு. அன்று சாயங்காலம் நான் கஞ்சியை முடிக்கிற நேரம், தரையில் உட்கார்ந்திருந்த அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அங்க எல்லாரும் இதத்தான் குடிச்சாங்களா?”

“ஆமா. ஒரே குண்டான்தான் இருந்துது.”

“பசங்களும்?”

“ஆமா. சின்ன அண்ணன் அழுதாரு, கறி இல்லன்னு. ஒரு மாசந்தானேன்னு பெரியப்பா சொன்னாரு. ரெண்டு சட்டி வெச்சா கரண்டி மாறிடுமாம்.”

அம்மா எழுந்து, பெரியம்மா வீட்டுப் பக்கம் திறந்திருந்த ஜன்னலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த முறை தோள் குலுங்கியது சிரிப்பால் அல்ல. நான் போய்ப் புடவையை இழுத்து, “அது கறி இல்லம்மா, செடியில காய்க்கறது” என்று இன்னொரு தடவை எடுத்துச் சொன்னேன். அம்மா தலையாட்டினாள், ஆனால் அழுகையை நிறுத்தவில்லை. நான் கொண்டுவந்தது நல்ல சேதிதானே, அதைச் சரியாகத்தானே சொன்னேன், அதற்குப் போய் இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.