சிவகௌரியின் காலைச் சண்டை

உடுவிலில் வந்து சிவகௌரி வீடு எங்கே என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். சங்கக்கடைச் சிவகௌரி என்றால் பாதிப்பேருக்குப் பிடிபடும். "அந்தச் சண்டைக்காரி" என்று கேட்டுப் பாருங்கள், ஒழுங்கையில் படுத்திருக்கிற நாய்கூட எழும்பி வந்து வீட்டைக் காட்டும்.

பொய் சொல்லக்கூடாது, அந்தப் பெயரை அவள் உழைத்துத்தான் எடுத்தாள். மாவுக்கும் சீனிக்கும் சனம் வெயிலில் வரிசை கட்டி நின்ற காலத்தில், கூட்டுறவுச் சங்கக்கடையில் நிறுத்துக் கொடுக்கிற வேலையில் நின்று அவள் போடுகிற சத்தம் சந்திவரைக்கும் கேட்கும். "வயித்திலை பிள்ளையை வச்சுக்கொண்டு கடைசியிலை நிண்டு என்ன புதினம் பாக்கிறீர்? முன்னுக்கு வாரும்!" என்று ஒருத்தியை ஏசுவாள். அந்தப் பெண் முகம் கறுத்து முன்னுக்கு வந்து, மாவை வாங்கிக்கொண்டு நேரத்தோடு வீட்டுக்குப் போய்விடுவாள். மற்றவர்களால் முணுமுணுக்கவும் முடியாது. ஏச்சு வாங்கினவளைப் பார்த்து யார் பொறாமைப்படுவார்கள்? செய்கிற உதவியைச் செய்துவிட்டு, அதற்கு மேலே ஒரு அகப்பை ஏச்சையும் ஊற்றித்தான் சிவகௌரி கொடுப்பாள். இனிப்பாக ஒரு சொல் சொல்ல அந்த வாய்க்கு வராது. வராததை எங்கே போய் வாங்குவது?

அவளுடைய வளவுக்கும் ஆழ்வாப்பிள்ளையின் வளவுக்கும் நடுவில் ஒரு பனையோலை வேலி. அந்த வேலியில் ஒரு முழ நிலம் யாருடையது என்று சிவகௌரியின் புருசன் செல்வரட்ணமும் ஆழ்வாப்பிள்ளையும் கோடேறி வழக்காடினார்கள். அந்த ஒரு முழத்தில் ஒரு கத்தரிகூட உருப்படியாகக் காய்த்ததில்லை. ஆனாலும் வழக்கு மட்டும் நன்றாகக் காய்த்தது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே, அப்படித்தான் இரண்டு பக்கமும் சாட்சிகள் வந்து ஆளுக்கொரு பொய் சொல்லிவிட்டுப் போனார்கள். "செல்வரட்ணத்தின்ரை வீட்டுப் பச்சைத்தண்ணியும் என்ரை தொண்டைக்குள்ளை இறங்காது" என்று ஆழ்வாப்பிள்ளை பிள்ளையார் கோயில் வாசலில் வைத்துச் சத்தியம் பண்ணினார். பிறகு செல்வரட்ணம் செத்துப்போனார். வழக்கும் படுத்துவிட்டது. இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சு இல்லை, நன்மை தீமை இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னர் ஆழ்வாப்பிள்ளையின் மனைவி குணலட்சுமியும் போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகள் கனடாவில். கிழவர் அந்தப் பெரிய வீட்டில் தனி ஆளானார். ஓலை வேலியால் ஆளைப் பார்க்க முடியாதே தவிரச் சத்தம் எல்லாம் கேட்கும். தேங்காய் துருவுகிற சத்தம் நின்றதை முதலில் சிவகௌரிதான் கவனித்தாள். பிறகு சட்டி பானைச் சத்தமும் நின்றது. வீடு வீடாக மீன் கொண்டுவருகிற லூர்த்தம்மாவிடம் மெல்ல வாயைக் கிண்டினாள்.

"கிழவர் மீனும் வாங்கிறேல்லை, ஒண்டும் வாங்கிறேல்லை அக்கா. பாணைத் தண்ணியிலை தோய்ச்சுத் தின்னுறார். உடம்பிலை சீனி வருத்தம் வேறை. குளிசை மருந்தும் நினைச்சால்தான் போடுறது."

அடுத்த நாள் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் ஆழ்வாப்பிள்ளை யாருடனோ கதைப்பது கேட்டது. "நீ சாப்பிட்டியோ? எங்கை உன்ரை மனுசி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சிவகௌரி ஓலையை விலக்கிப் பார்த்தாள். மனிதர் காகத்திடம் கதைத்துக்கொண்டிருந்தார். கோட்டில் நின்று அவளுடைய புருசனைக் கள்ளன் என்று சொன்ன வாய்தான் அது. ஆனாலும் ஒரு மனிசன் காகத்தோடு கதைக்கிற நிலைக்கு வந்தபின் பக்கத்து வீட்டில் இருக்கிறவள் சும்மா இருக்கலாமா? இது சரிவராது என்று அன்றைக்கே முடிவெடுத்தாள். சிவகௌரி முடிவெடுத்தால் எடுத்ததுதான்.

முதலில் ஊர் வழமைப்படி செய்து பார்த்தாள். ஒரு பாத்திரத்தில் ரசம் வைத்து லூர்த்தம்மாவிடம் கொடுத்தனுப்பினாள். கிழவர் ஒரு முறை மணந்து பார்த்துவிட்டு, அதை வாழையடியில் ஊற்றினார். "உது அவளின்ரை மிளகு" என்றாராம். பிறகு ஒரு பூசணிக்காய் அனுப்பினாள். அது மறுநாள் வேலிக்கு நட்ட கதியால் மரத்தில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டு இருந்தது. சிவகௌரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் அவருடைய முருங்கையிலிருந்து உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்த ஒரு மசுக்குட்டிப் புழு அவளுடைய தோளில் விழுந்தது. போதாதா?

"ஓய்! உம்மடை மசுக்குட்டியெல்லாம் எங்கடை பக்கம்தான் வருது! வளக்கிறதெண்டால் கட்டி வளக்கவேணும்!"

அந்தப் பக்கத்தில் கதிரை தள்ளுகிற சத்தம் கேட்டது. மாதக்கணக்காய் மூச்சுக் காட்டாத மனிதர் வேலியடிக்கு வந்துவிட்டார்.

"மசுக்குட்டிக்கு எல்லை தெரியுமே? உம்மடை மனுசனுக்கே தெரியேல்லை!"

பிடித்துக்கொண்டது சண்டை. வழக்கு, வேலி, வேலியில் வெட்டின கிளுவை மரம், வெட்டாத கிளுவை மரம் எல்லாம் வந்துபோனது. ஆழ்வாப்பிள்ளையின் குரல் வரவர இளமையாகிக்கொண்டே போனது. கடைசியில் "எனக்கு வேறை வேலை இருக்கு" என்று பெரிய மனிதராகத் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. பிறகு முருங்கைக்காய்க் குழம்பு கொதிக்கிற வாசம் வேலியைத் தாண்டி வந்தது.

சிவகௌரி கையில் விளக்குமாற்றோடு அப்படியே நின்றாள். சண்டை பிடித்த மனிதருக்குப் பசித்திருக்கிறது! ரசத்தை வாழைக்கு ஊற்றினவர் ஏச்சை ஒரு சொட்டும் சிந்தாமல் வாங்கியிருக்கிறார். சரி, அவர் என்னிடம் வாங்கக்கூடியது இது ஒன்றுதான் என்றால் இதையே கொடுப்போம் என்று நினைத்தாள்.

அதிலிருந்து ஒவ்வொரு காலையும், முற்றம் கூட்டி முடித்த கையோடு, சிவகௌரி சண்டை தொடங்கினாள். காய்ச்சல் நாளிலும் தொடங்கினாள். மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு தொடங்கினாள். ஏசுவதற்கு விசயம் கிடைக்காத நாளில் முதல் நாள் இரவே யோசித்து வைப்பாள். அவருடைய சேவல், அவருடைய புகை, அவருடைய இருமல், எதையும் விட்டுவைக்கவில்லை. அந்த ஏச்சுக்குள்ளே அறியவேண்டியதையும் அறிந்துகொள்வாள்.

"கத்த மட்டும் வலுவிருக்கு, குளிசை போட வலுவில்லை! தலை சுத்தி எங்கடை வேலியிலை விழுந்து முறிச்சீரெண்டால் ஆர் அடைக்கிறது?"

"ஆர் சொன்னது போடேல்லையெண்டு? விடியவே போட்டிட்டன்! உமக்கேன் என்ரை குளிசையிலை கண்?"

"உமக்குத்தான் கண் இல்லை! எங்கடை கிளுவையை உம்மடையெண்டு வெட்டின கண்தானே! போய் டொக்டரிட்டைக் காட்டும்!"

அடுத்த கிழமை ஒழுங்கைக்குள் ஓட்டோ வந்தது. கிழவர் கண்ணைக் காட்டப் போய்வந்தார். வந்ததும் வராததுமாக வேலியடிக்கு வந்து, "கண்ணாடி தந்திருக்கினம். இனி உம்மடை களவெல்லாம் எனக்கு வடிவாத் தெரியும்!" என்று சத்தம் வைத்தார். சிவகௌரி குசினிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஊருக்கு இது தெரியுமா? ஊருக்குத் தெரிந்தது சண்டை மட்டும்தான். பாவம், தனிச்ச மனிசனை இவள் நிம்மதியாக இருக்கவிடுகிறாள் இல்லையே என்று சந்தியில் நின்று கதைத்தார்கள். வங்கியில் வேலை செய்கிற மகள் தக்சாயினிக்குத்தான் தலை குனிவாக இருந்தது.

"அம்மா, உங்களுக்கு வெக்கமில்லையே? ஒழுங்கையாலை போறவை நிண்டு கேக்கினம்."

"அந்த மனுசனுக்குக் கதைக்க ஆளில்லையடி."

"அதுக்குச் சண்டையே பிடிக்கிறது?"

"வேறை எதையும் அந்த மனுசன் என்ரை கையாலை வாங்கான். நான் என்ன செய்ய?"

தக்சாயினி தலையில் அடித்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அப்படியிருக்கத்தான் உடுப்பிட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை சிவரூபன் வாத்தியார். தாய் பத்மாசினி. தகப்பன் இல்லை. சாதகம் பொருந்திவிட்டது, பெண்ணையும் வீட்டையும் ஒருதரம் வந்து பார்க்கவேண்டும் என்றார்கள். தரகர் போகும்போது சிவகௌரியைப் பார்த்து, "அவை அமைதியான சனம்" என்று இழுத்துவிட்டுப் போனார். தக்சாயினி கெஞ்சவில்லை, அழவுமில்லை. முதல் நாள் பின்னேரம் வந்து பக்கத்தில் இருந்து, "ஒருநாளைக்கு மட்டும், அம்மா" என்றாள். முப்பதை எட்டுகிற பிள்ளை. தகப்பன் இல்லாத பிள்ளை. சிவகௌரி சம்மதித்தாள்.

விடிந்தது. சிவகௌரி முற்றத்தைச் சத்தமில்லாமல் கூட்டினாள். வேலிக்கு அந்தப் பக்கம் கதிரை இழுபட்டது. ஒரு செருமல் கேட்டது. சிவகௌரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்னொரு செருமல், இந்த முறை கொஞ்சம் பலமாக. அவள் விளக்குமாற்றை மூலையில் சாத்திவிட்டு வடை சுட உள்ளே போய்விட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தேத்தண்ணி கொடுத்தாயிற்று, வடையும் கொடுத்தாயிற்று. பத்மாசினி நல்ல மனிசிதான், இதமாகக் கதை கேட்டாள். ஆனால் சிவகௌரியின் காது முழுக்க வேலியில் கிடந்தது. தேங்காய் துருவுகிற சத்தம் இல்லை. சட்டி வைக்கிற சத்தம் இல்லை. வெயில் ஏறிவிட்டது.

"உங்கடை கிணத்திலை நல்ல தண்ணியோ?" என்று பத்மாசினி கேட்டாள்.

"இல்லை, இன்னும் சமைக்கேல்லை" என்றாள் சிவகௌரி.

தக்சாயினி தாயைப் பார்த்தாள். சிவகௌரி எழும்பிவிட்டாள். "ஒரு நிமிசம், குறை நினைக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு முற்றத்தில் இறங்கினாள். மகள் பின்னாலே ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அம்மா, வேண்டாம். சொன்னனீங்களெல்லே."

"சொன்னனான்தான் பிள்ளை. கையை விடு."

சம்பந்தம் போனால் போகட்டும் என்று அவள் நினைக்கவில்லை. போகக்கூடாது என்றுதான் நினைத்தாள். அதை நினைத்துக்கொண்டேதான் வேலியடிக்குப் போனாள்.

"ஓய்! உம்மடை சேவல் எங்கடை கீரைப்பாத்தியைக் கிளறிப்போட்டுது!"

பதில் இல்லை. விறாந்தையில் பத்மாசினி கையில் கோப்பையோடு எழும்பி நின்றாள்.

"ஓய்! என்ன, வாய் அடைச்சுப் போச்சோ? அந்த ஒரு முழம் எங்கடை காணி! கோட்டிலை நீர் சொன்னது முழுப்பொய்!"

அந்தச் சொல்லை ஆழ்வாப்பிள்ளை ஒருநாளும் கீழே விழவிடமாட்டார். அதற்கும் பதில் இல்லை.

"அண்ணை!" என்று கத்தினாள் சிவகௌரி. அவரை அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "ஆழ்வாப்பிள்ளை அண்ணை!"

அவருடைய வாசல் படலை அடுத்த ஒழுங்கையில், அதுவும் உள்ளே பூட்டுப் போட்டது. சிவகௌரி குசினிக்கு ஓடிக் கத்தியை எடுத்துவந்து வேலிக்கட்டை அறுத்தாள். ஓலையை இழுத்து விழுத்தினாள். வருடக்கணக்காய்க் கோட்டுக்குப் போய் வழக்காடிக் காத்த வேலி பொலபொலவென்று கொட்டுண்டது.

ஓலைக்கு அந்தப் பக்கம், கை எட்டுகிற தூரத்தில், கதிரை போட்டு ஆழ்வாப்பிள்ளை இருந்தார். குளித்து, விபூதி பூசி, தோய்த்த வேட்டி கட்டி இருந்தார். தலை ஒருபக்கம் சரிந்து கிடந்தது. உடம்பெல்லாம் வேர்வை. உதடு நடுங்கியது. காலடியில் குளிசை எடுத்த வெறும் அட்டை கிடந்தது.

சிவரூபன் கதியாலுக்குள்ளால் பாய்ந்து வந்து கிழவரைத் தாங்கிப் பிடித்தான். பின்னால் வந்த பத்மாசினி ஒரு பார்வைதான் பார்த்தாள். அவளும் சீனி வருத்தக்காரிதான்.

"குளிசையைப் போட்டிட்டுச் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். சீனி இறங்கீட்டுது. கெதியாச் சீனி கொண்டாங்கோ! தண்ணி பருக்காதேங்கோ, புரைக்கேறும். கன்னத்துக்குள்ளை வச்சுத் தேயுங்கோ. தம்பி, நீ ஓட்டோவுக்குச் சொல்லு."

சீனிப்பேணியோடு ஓடிவந்தது தக்சாயினிதான், சீலை தடக்கத் தடக்க. சிவகௌரி சீனியை அள்ளிக் கிழவரின் வாய்க்குள் வைத்துத் தேய்த்தாள். செல்வரட்ணத்தின் வீட்டுச் சீனி. பிள்ளையாரே, சத்தியத்தை நீ ஒருக்கால் கண்டும் காணாமல் இரு. விழுங்கு, விழுங்கு என்று வாய்க்குள் முணுமுணுத்தாள்.

நேரம் ஊர்ந்து போனது. பிறகு கிழவரின் கண் திறந்தது. விழுந்துகிடந்த வேலியைப் பார்த்தார். தன்னைப் பிடித்திருந்த புது மனிதனைப் பார்த்தார். கடைசியில் சிவகௌரியைப் பார்த்தார்.

"ஏன் இண்டைக்கு இவ்வளவு பிந்தினனீர்?" என்றார்.

கிழவர் கதிரையின் கையைப் பிடித்துக் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"விடிய வந்து கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறன். ரெண்டுதரம் செருமியும் காட்டினனான். நீர் துவங்கினால்தானே நான் போய் அடுப்பை மூட்டலாம்."

சிவகௌரி சீனிப்பேணியைக் கீழே வைத்தாள். விளங்காமல் வாங்குகிறார் என்று நினைத்து இவ்வளவு காலமும் கொடுத்திருக்கிறாள். மனிதர் விளங்கித்தான் வாங்கியிருக்கிறார். குளித்து, விபூதி பூசிக்கொண்டு வந்து வாங்கியிருக்கிறார். சீனி ஒட்டின கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அவள் விம்மி விம்மி அழுதாள்.

"நான்தான் மறிச்சனான், மாமா" என்றாள் தக்சாயினி. அவளுடைய குரலும் உடைந்திருந்தது. "இனி மறிக்கமாட்டன்."

பத்மாசினி சீலைத் தலைப்பால் கிழவரின் நெற்றியைத் துடைத்துவிட்டாள். "சம்பந்தக் கதையைப் பேந்து கதைப்பம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முந்தி இந்த மனுசனுக்கு ஏதும் சாப்பிடக் குடுங்கோ" என்றாள்.

தக்சாயினி வடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்தாள். சிவகௌரி முகத்தைத் துடைத்துக்கொண்டு வடையைப் பிட்டாள்.

"வாயைத் திறவும். என்ன பார்வை? நஞ்சு ஒண்டும் போடேல்லை."

ஆழ்வாப்பிள்ளை வாயைத் திறந்தார். மென்றார். "உப்புக் கூட" என்றார். இரண்டாம் துண்டுக்கும் வாயைத் திறந்தார்.

ஒழுங்கை முடக்கில் ஓட்டோச் சத்தம் கேட்டது. சிவரூபன் அவரைத் தூக்கி நிறுத்தினான். நாலடி நடந்த கிழவர் நின்று திரும்பினார்.

"நாளைக்கு எத்தினை மணிக்குத் துவங்குவீர்?"

"ஆஸ்பத்திரியிலை மறிச்சு வச்சால் அங்கை வந்து துவங்குவன். நீர் குளிசையிலை கை வைக்க முந்தி என்ரை சத்தம் கேக்கும்" என்றாள் சிவகௌரி. "இனி ஒருநாளும் பிந்தமாட்டன், அண்ணை."