அப்பா மிச்சம் பிடித்த குளிசைகள்

இன்று பல்வலிக்குப் போட்ட குளிசை நாக்கில் ஒட்டிக் கரைந்துவிட்டது. அந்தக் கசப்போடு, சின்ன வயதில் நாங்கள் இருந்த முரசுமோட்டை வீடு நினைவுக்கு வந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. மலேரியாவில் நடுங்கிய அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் பதினான்கு நாளுக்குக் குளிசை கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும், மீதியைப் வெறும் பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டு மூடிவிட்டார். மருந்துக்குத் தட்டுப்பாடான காலம். கர்ப்பமாயிருந்த அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் உதவுமென்று நினைத்தார்.

அடுத்த வாரமே அம்மாவுக்குக் குளிர் நடுக்கம் தொடங்கியது. அப்பா பேணியைத் திறந்தார்.

"பொறுங்கோ, ஆஸ்பத்திரியில ஒருக்காக் கேட்டிட்டுப் போடுறன்," என்றார் அம்மா.

அப்பா எங்களைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். பேணிக்குள் கிடந்த குளிசைகளைப் பார்த்ததும் தாதி பதறிவிட்டார்.

"ஐயோ, பிள்ளைத்தாச்சிக்கு இது குடுக்கக்கூடாது! வயித்துப் பிள்ளைக்கு ஆபத்து. அவாவுக்கு வேற மருந்து இருக்கு. நீங்கள் ஏன் இடையில நிப்பாட்டினனீங்கள்? கிருமி இன்னும் உடம்பில கிடக்கும்."

அப்பா பேணியை மூடினார்.

"எனக்காகத்தான் மிச்சம் பிடிச்சவர், மிஸ்," என்றார் அம்மா.

அப்பாவுக்கும் இரத்தம் சோதித்து, புதிதாகக் குளிசை கொடுத்தார்கள். வீட்டில் சோறு சாப்பிட்டு முடிந்ததும் அம்மா தன் குளிசையை விழுங்கிவிட்டு, அவருடையதை நீட்டினார்.

"நான் பாத்துக்கொண்டிருக்க விழுங்குங்கோ."

விழுங்கிய அப்பா, அம்மாவின் வயிற்றைப் பார்த்துச் சத்தமின்றி அழுதார்.