இரண்டு கேமராக்களும் என் வலது கண்ணும்

ஒன்பது மாதம் இரண்டு கேமராக்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். வீடு வாங்கும்போதுகூட இவ்வளவு யோசிக்கவில்லை. மாப்பிள்ளை பார்த்தபோது யோசிக்க என்னை யாரும் விடவில்லை. இரண்டும் உள்ளங்கையில் அடங்கும் கேமராக்கள்தான், ஆனால் உள்ளே இருக்கும் சென்சார் மட்டும் தோளை இறக்கிவிடும் பெரிய கேமராவில் இருக்கும் அதே அளவு. லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது. ஒன்றில் கண்ணை வைத்துப் பார்க்க வியூஃபைண்டர் உண்டு, உடம்பு கொஞ்சம் தடிமன். மற்றதில் அது கிடையாது, முதுகிலிருக்கும் திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் அது இன்னும் அகலமாகப் பிடிக்கும், யூனிஃபார்ம் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம்.

யூனிஃபார்ம் என்றது தாதி யூனிஃபார்ம். கிள்ளானில் ஓர் அரசாங்க கிளினிக்கில் இனிப்பு நீர் என்று நாங்கள் சொல்லும் சர்க்கரை நோய் உள்ளவர்களைப் பார்க்கும் அறை என்னுடையது. காலை ஏழரைக்கு உட்கார்ந்தால் மாலைவரை திட்டுவதுதான் வேலை. "சோறு எவ்வளவு சாப்பிட்டீங்க? பொய் சொல்லாதீங்க. காலைக் காட்டுங்க. கண்ணு செக் பண்ண ஏன் வரல?" மிஸ்ஸி, மிஸ்ஸி என்று என் எதிரில் குழைவார்கள். கதவுக்கு வெளியே போனதும் என்ன பெயர் வைத்துப் பேசுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். முப்பது வருடமாகத் திட்டித் திட்டி, வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கவே சலிப்பாக இருக்கும்.

எனக்கும் பத்து வருடமாக இனிப்பு நீர் இருக்கிறது. அது உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறை கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்ணின் உட்புறத்தைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் கார்டில் அந்தத் தேதியை எழுதுவதும் நான்தான், என் கார்டில் எழுதுவதும் நான்தான். ஒரு வருடம், என்னோடு வேலை செய்கிறவள் லீவு, கூட்டம் தாங்கவில்லை, தேதியைத் தள்ளி எழுதினேன். அடுத்த வருடம் என் உடம்பு அலுப்பு, மறுபடி தள்ளினேன். மூன்றாவது வருடம் காரணம்கூடத் தேடவில்லை. யார் என்னைக் கேட்கப் போகிறார்கள்?

கேமரா மோகம் வந்தது தங்கச்சியால். அவள் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. வருடா வருடம் அவள் பள்ளி ஆறாம் ஆண்டு மாணவர்களின் வகுப்புப் படத்தை நான்தான் எடுத்துக் கொடுப்பேன், சும்மாத்தான். ரத்தம், சிறுநீர், புண்பட்ட கால் எதுவும் இல்லாத ஒரு காலைப்பொழுது வருடத்தில் எனக்கு அது ஒன்றுதான். என் பழைய பெரிய கேமராவின் லென்ஸில் தானாக ஃபோகஸ் பிடிக்கிற மோட்டார் எப்போதோ செத்துவிட்டது. கையால் வளையத்தைத் திருகித்தான் பிடிப்பேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

போன வருடம் எடுத்த படம் மண்ணாய்ப் போனது. பின்சுவரில் எழுதியிருந்த பள்ளிப் பாட்டு பளிச்சென்று விழுந்திருந்தது. அதற்கு முன்னால் நின்ற முப்பத்தொரு பிள்ளைகளின் முகமும் மசமசவென்று இருந்தது. எடுக்கும்போது எனக்கு அது சரியாகத்தான் தெரிந்தது, பிரிண்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன். ஒரு தாய் வந்து தங்கச்சியிடம், "மூணாவது வரிசையில எங்க பிள்ளை எது டீச்சர்?" என்று கேட்டாராம். அதற்குள் பிள்ளைகள் ஆளுக்கொரு இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள், திரும்பக் கூட்டி நிறுத்த முடியாது.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று தங்கச்சி இழுத்தாள். "இந்த வருஷமும் நீங்களே எடுங்கன்னு ஹெச்எம் சொல்லிட்டாங்க. ஆனா சரியா வரலன்னா அடுத்த தடவ கடைக்காரரக் கூப்பிட்டுக்கலாமாம்."

எனக்குச் சுருக்கென்றது. "கேமரா கிழடு தட்டிப்போச்சுடி. புதுசு வாங்கிடறேன்" என்றேன். அன்று ஆரம்பித்ததுதான் இந்த ஒன்பது மாதக் கூத்து.

வியூஃபைண்டர் உள்ள கேமராவில் பிள்ளைகளின் முகம் நீளாமல் அழகாக வரும், ஆனால் முப்பது பேரையும் அடக்க நான் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பள்ளி முற்றத்தில் எனக்குப் பின்னால் இருப்பது லோங்காங். சாக்கடைக்குள் இறங்கி நின்றால்தான் படம் அடங்கும். அகலமாகப் பிடிப்பதில் எல்லாரும் அடங்குவார்கள், ஆனால் ஓரத்தில் நிற்கிற பிள்ளை பூசணிக்காய் மாதிரி விரிந்துவிடும், அம்மாக்காரி சும்மா விடுவாளா? போதாததற்குப் பத்து மணி வெயிலில் திரையில் என்ன தெரியும், என் முகம்தான் தெரியும். தினமும் யூடியூப்பில் ஒரு தாடிக்காரன் இதுதான் என்பான், இன்னொரு தாடிக்காரன் அதுதான் என்பான். என் வீட்டுக்காரர் தொலைபேசிக் கம்பெனியில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், பொறுமைசாலி. அவரே ஒரு நாள், "ரெண்டையும் கட்டிக்கிட்டு அழு, என் தலையைத் தின்னாத" என்றுவிட்டு எழுந்து போனார்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை நானும் அவருமாகக் கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துப் பேரங்காடியில் இருந்த ஒரு கேமராக் கடைக்குப் போனோம். அவர் கரிபாப் பலகாரம் வாங்கிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கடையில் ஒரு தமிழ்ப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும், இரண்டையும் எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். "ரெண்டும் பிடிச்சுப் பாருங்க ஆன்டி, அவசரம் இல்ல."

முதலில் திரை மட்டும் உள்ளதை எடுத்துப் பார்த்தேன். கையில் சுகமாக உட்கார்ந்தது. படமும் சுத்தமாக இருந்தது. அப்புறம் மற்றதை எடுத்து, பழக்கப்படி வலது கண்ணை வைத்தேன்.

நடுவில் ஓர் அழுக்கு. எண்ணெய்க் கையால் தொட்டதுபோல் ஒரு கறை. எதிர்க்கடையின் அலமாரித் தட்டுகள் அந்த இடத்தில் மட்டும் வளைந்து நெளிந்தன.

"ஏம்மா, இது எத்தனை பேரு கை பட்ட பீஸ்?" என்றேன்.

அவள் துணியால் துடைத்துக் கொடுத்தாள். கறை போகவில்லை. முகம் மாறாமல் உள்ளே போய்ப் புதுப் பெட்டி ஒன்றை என் எதிரிலேயே பிரித்துக் கொடுத்தாள். அதிலும் அதே இடத்தில் அதே கறை.

"அலாமா, புதுசுலயுமா? என்ன சாமான் விக்கிறீங்க நீங்க? பாக்குறவங்கள முட்டாள்னு நினைச்சீங்களா?" என் குரல் கிளினிக் குரலாகிவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண் கேமராவை வாங்கித் தன் கண்ணில் வைத்துப் பார்த்தாள். ஒரு சக்கரத்தைத் திருகினாள், மறுபடி பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "க்ளியராத்தான் இருக்கு ஆன்டி. இன்னொரு கண்ண வச்சுப் பாருங்களேன்."

இடது கண்ணை வைத்தேன். அலமாரித் தட்டுகள் நேராக இருந்தன. கறை இல்லை.

கேமராவை மேசைமேல் வைத்துவிட்டு, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்தேன். காது தெரிந்தது, முடி தெரிந்தது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் புகை. எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள், கோடு வளைகிறதா என்று என் அறையில் எத்தனை பேரைக் கேட்டிருப்பேன். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை மூடி மறைத்துவிடும், அதனால்தான் தெரியாது என்று பாடம்கூட எடுத்திருக்கிறேன். என்னை ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த முப்பத்தொரு பிள்ளைகளின் படத்தைக் கெடுத்தது கேமரா இல்லை.

"எது ஆன்டி எடுக்கலாம்?" என்றாள் அவள்.

"ரெண்டும் நல்ல கேமராதாம்மா. கத்திட்டேன், மன்னிச்சுக்க."

"ஓகே லா ஆன்டி" என்றாள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டாள். அவள் அப்படிக் கேட்டது எனக்கு இன்னும் வெட்கமாகப் போயிற்று.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர், "எது?" என்றார். வீட்டுக்குப் போகலாம் என்றேன். "ஒன்பது மாசம் என் உசிர வாங்கிட்டு இன்னுமா முடிவு பண்ணல?" என்று சிரித்தார். ரயில் சுபாங் ஜெயா தாண்டிய பிறகுதான் அவரிடம் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "திங்கக்கிழமை மொத வேலையா கண்ணக் காட்டு" என்றார்.

திங்கட்கிழமை என் கிளினிக்கிலேயே வரிசையில் நின்றேன். யூனிஃபார்மில் ஒரு தாதி கையில் நம்பரோடு நிற்பதை எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். மேருவிலிருந்து வரும் ஒரு லோரி டிரைவர் அங்கிள், கண் செக்கப்புக்கு வராததற்காகப் போன வாரம்தான் நான் காய்ச்சி எடுத்த மனிதர், நகர்ந்து இடம் கொடுத்தார். "உக்காருங்க மிஸ்ஸி. சொட்டு விட்டா கொஞ்சம் எரியும், அவ்வளவுதான். பயப்படாதீங்க." குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே ஆறுதல்தான் சொன்னார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

என் கண்ணின் படத்தைப் பார்த்ததுமே மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை கண் டாக்டர் திரையில் காட்டினார். வலது கண்ணின் நடுவில் வீக்கம். மாதாமாதம் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், போன பார்வை எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது, இடது கண்ணையாவது பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் நோயாளிகளிடம் சொல்கிற அதே வார்த்தைகள், அதே வரிசை.

"ஒன்பது மாசத்துக்கு முன்னால வந்திருந்தா டாக்டர்?"

அவர் திரையைவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "சிஸ்டர், உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். இந்தப் பாழாய்ப்போன ஒன்பது மாதமும் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதும் தெரியும்.

கார் நிறுத்துமிடத்தில் வீட்டுக்காரர் காத்துக்கொண்டிருந்தார். சொட்டு மருந்தில் கண்மணி அகன்று, மதிய வெயில் ஊசியாய்க் குத்தியது. டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னேன். இந்த வருடம் கடைக்காரரையே கூப்பிடச் சொல்லித் தங்கச்சிக்குப் போன் போட வேண்டும் என்றும் சொன்னேன். அவர் கார்க் கதவைத் திறந்துவிட்டார். அவர் திட்டாததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏதாவது திட்டுங்களேன்" என்றேன். "மூணு வருஷம் என் கார்டுல நானே தேதியத் தள்ளி எழுதியிருக்கேன். ஊரையெல்லாம் திட்டுறவ நான். என்னையும் யாராவது நாலு வார்த்தை திட்டுங்களேன்."

அவர் தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என் முகத்தில் மாட்டிவிட்டார்.

"வெயிலு" என்றார். "காருல ஏறு."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இரண்டு கண்ணிலிருந்தும் ஒரே மாதிரிதான் வந்தது.