வலைப்பைக்குள் பத்தொன்பது வருஷம்

உலகத்தில் இதுவரை பூத்த பூக்களில் பாதி, அத்தையிடம் அனுமதி வாங்கித்தான் பூத்தன. மீதிப் பாதி திருட்டுத்தனமாகப் பூத்துவிட்டு, பிறகு நேரில் வந்து மன்னிப்புக் கேட்டன. அத்தையின் அண்ணன் மகளைக் கேட்டால் இப்படித்தான் சொல்வாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். பத்தாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவள். ஆதாரமெல்லாம் கேட்கக் கூடாது.

நிஜத்தில் அத்தை கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தார். ஆராய்ச்சி செய்தது ஒரே ஒரு செடியை. வேலியோரத்தில் யாரும் ஏறிட்டுப் பார்க்காத ஊதாப் பூச்செடி. தேனீ வந்து மகரந்தத்தை ஒட்டிவிட்டுப் போனால்தான் அது ஒழுங்காகக் காய்க்கும். தேனீயே வராவிட்டால்? தலைமுறை தலைமுறையாக வராவிட்டால், செடி தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளப் பழகுமா? அத்தையின் கேள்வி இவ்வளவுதான்.

கல்லூரிக்குப் பின்னாலிருந்த கண்ணாடிக் கொட்டகையில், வருஷத்துக்கு இருபது செடிகளைத் தேனீ புகாதபடி வலைப்பை போட்டுக் கட்டினார். முதல் வருஷம் இரண்டுதான் காய்த்தன. அந்த விதையை அடுத்த வருஷம் விதைத்தார். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. பைகளெல்லாம் வீட்டுக் கொசுவலையை வெட்டித் தைத்தவை.

"செடியைக் கொசு கடிக்கக் கூடாது, என்னைக் கடிக்கலாமா?" என்று வாலுவின் அப்பா கத்துவார்.

"நீ காய்க்கப் போறதில்லையேண்ணா" என்பார் அத்தை, ஊசியில் நூல் கோத்தபடியே.

குழந்தையாக இருந்தபோது வாலு அந்தக் கொட்டகை மேஜைக்கடியில், காலிச் சாக்கின்மேல் தூங்கியிருக்கிறாள். ஈரமண் வாசனையும் அத்தை முணுமுணுப்பாக எண்ணுகிற சத்தமும்தான் அவளுக்குத் தாலாட்டு. அப்போதெல்லாம் மூடிய செடியில் பூ கட்டைவிரல் அகலம் இருக்கும். வாலு வளர வளரப் பூ சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்து நின்றது. யாருமே வராத வீட்டில் அலங்காரம் எதற்கு என்று செடி நினைத்ததோ என்னவோ.

இது பத்தொன்பதாவது வருஷம். மாசக் கடைசியில் அத்தைக்கு ஓய்வு. மறுநாளே கொட்டகையை இடித்துவிட்டு வண்டி நிறுத்த இடம் பண்ணப் போகிறார்கள். இந்தக் கடைசி வரிசை மட்டும்தான் பாக்கி. இருபதில் பதினைந்து காய்பிடித்துவிட்டன. ஐந்து செடிகள் அசையவில்லை. அத்தை முக்காலியில் உட்கார்ந்து, சுத்தமாக இருந்த மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வாலுவுக்கு அது பொறுக்கவில்லை. மறுநாள் அத்தை வகுப்பிலிருந்த நேரத்தில் ஐந்து பைகளையும் அவிழ்த்தாள். வாசலோரம் மூடாமல் விட்டிருந்த செடிகளிலிருந்து மகரந்தத்தை ஒரு சின்னப் பிரஷ்ஷில் தொட்டு, பூப்பூவாகத் தடவினாள். பழையபடி கட்டிவிட்டு, விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

மூன்று வாரம் கழித்து அத்தை காய்களை உடைத்து விதை எண்ணினார்.

"பாத்தீங்களா அத்தை, அஞ்சுக்கும் கடைசி நேரத்துல புத்தி வந்துடுச்சு!"

அத்தை நிமிரவில்லை. "மத்ததுல நாப்பது விதை. இதுல நூத்திமுப்பது. தேனீ வராம இத்தனை வராது. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாரு, எழுதுடி."

வாலு நோட்டில் எழுதினாள்: பை கிழிந்திருந்தது.

அத்தை ஐந்து பைகளையும் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு கண்ணிகூட விட்டிருக்கவில்லை. "முடிச்சவிழ்த்து உள்ள போயிட்டு, திரும்பக் கட்டிட்டு வர்ற தேனீ எதுடி?"

வாலு தரையைப் பார்த்தாள். "நீங்க முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்க…"

"காய்க்கலைங்கறதும் ஒரு பதில்தான்டி லூசு. அஞ்சு பதிலை அழிச்சிட்டு நிக்கிற." அத்தை கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. நோட்டில் அந்த ஐந்து செடிகளின் வரிகள்மேலும் ஒரே கோடாக இழுத்தார். "பதினஞ்சு நிக்கும். ரெண்டுல ஆரம்பிச்சோம்."

பிறகு நோட்டை அவள் பக்கம் தள்ளினார். "பை கிழிஞ்சதை அடி. நடந்ததை எழுது. என் மேஜை டிராயரைத் திறந்து பிரஷ் எடுத்ததையும் சேத்து எழுது."